ஒரு பெண், இரண்டு ஆர்.சி.எச். எண்: பிக்மியில் நான் பட்ட பாடு

பிக்மி என்பது தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிந்து கவனிக்கும் அரசு மென்பொருள், அதில் பதிந்த கர்ப்பிணிக்குக் கிடைக்கும் அடையாள எண்தான் ஆர்.சி.எச். எண். அங்கே ஒரே கர்ப்பிணிக்கு இரண்டு எண் விழுந்துவிட்டால், அதை ஒன்றாக்குவதற்குள் நர்சுக்கு உயிர் போய் உயிர் வரும். எனக்கு இப்போதுதான் அப்படி ஒன்று முடிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் சூட்டோடு எழுதிவிடுகிறேன். கடற்கரைக் கிராமங்களில் வேலை பார்க்கும் வி.எச்.என்.களுக்கு (கிராம சுகாதார நர்சுகளுக்கு) உதவும். தாய் வீட்டுக்கு வந்திருக்கும் கர்ப்பிணிகளின் அண்ணன் தம்பிகளும் படித்தால் நல்லது. அவர்கள் ஏன் என்பது கீழே வருகிறது.

நான் வேலை பார்ப்பது பாம்பன் தீவில். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை பெரும்பாலும் ஒரே கதைதான்: பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் ஒன்று, பேறுகாலத்துக்கு வந்து சேரும் ஊர் வேறு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். (கீழக்கரைப் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டோடு இருக்கும் வழக்கம் உண்டு. அந்த ஊர் நர்சுகள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.) ஆள் வந்துவிடுவாள், கணக்கு வராது. பழைய ஊர் லாகினில் அவள் பெயர் டியூ லிஸ்டில், அதாவது பார்க்கவேண்டியவர்கள் பட்டியலில், வந்துகொண்டே இருக்கும். புதிய ஊரில் அவள் பெயரே இருக்காது.

இந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது மூக்கையூர்ப் பக்கம். அங்கே மூன்றாம் மாதம் முடிவதற்குள் பதிந்து, 12 இலக்க எண் கொடுத்து, எடை, பி.பி., ஹீமோகுளோபின் என்று மாதாமாதம் ஏற்றியிருக்கிறார்கள். ஒழுங்காக வேலை பார்த்த நர்ஸ். தாய் வீட்டுக்கு வந்தபின் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஆர்.சி.எச். எண் கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணும் பரிசோதனை விவரமும் எழுதியிருக்கும் தாய் அட்டையோ மாமியார் வீட்டு பீரோவில். அண்ணன்காரர் நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய், தன் செல் நம்பரைக் கொடுத்து, தாய் வீட்டு விலாசத்தில் புதிதாகப் பதிந்துவிட்டார். கடைசி மாதவிலக்குத் தேதி கேட்கும் கட்டத்தில் அவரே ஒரு தேதியைக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார். தங்கச்சியிடம் அதைக் கேட்க அவருக்குக் கூச்சம். அப்போது இங்கே நிரந்தர வி.எச்.என். இல்லை, மூன்று துணை சுகாதார நிலையங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். இரண்டாவது எண் வந்துவிட்டது.

ஒரே ஆள்தான் என்று மென்பொருள் கண்டுபிடிக்காதா என்று கேட்பீர்கள். ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் பெயர். ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு எழுத்து கூடக் குறைய. செல் நம்பர் வேறு, விலாசம் வேறு. எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

நான் பொறுப்புக்கு வந்து, ஏ.என். கிளினிக் (கர்ப்பிணிகள் பரிசோதனை) நாளில் அவளைப் பார்த்தபோது பி.பி. 136/88. பிக்மியில் ஏற்ற எங்களுக்குக் கொடுத்திருக்கும் டேப்பில் (டேப்லெட்டில்) பழைய அளவு ஒன்றும் இல்லை. 140/90-ஐத் தொட்டால்தான் நாங்கள் ஹை ரிஸ்க் என்று குறிப்போம், ஆக இது கணக்குக்கு நார்மல். ஆனால் காலில் லேசான வீக்கம். "மோதிரம் இறுக்குது அக்கா" என்றாள்.

"முன்னாடி பி.பி. எவ்வளவும்மா இருந்துச்சு?"

"நார்மல்னுதான் சொன்னாங்க."

110/70-ம் நார்மல்தான், 136/88-ம் நார்மல்தான். 110-லிருந்து 136-க்கு ஏறியதா, இல்லை முதலிலிருந்தே 130-ஐ ஒட்டி நிற்கும் உடம்பா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். அது போக, அண்ணன் போட்ட தேதிப்படி அவளுக்கு 31 வாரம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் அதற்கு மேலேயே இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் முதல் எண்ணுக்குள் கிடக்கிறது. என் லாகினில் திறப்பது இரண்டாவது எண்.

அட்டை வரும்வரை எதை நம்புவது என்று, மாதவிலக்குத் தேதியை அவளிடமே கேட்டேன். எங்கள் பக்கம் பெண்கள் காலண்டர் தேதி சொல்லமாட்டார்கள். அமாவாசை, கோயில் கொடி, பெருநாள், தடைக்காலம் என்றுதான் சொல்வார்கள். இவள், "தடை ஆரம்பிச்சு போட்டெல்லாம் கட்டிப்போட்டாங்கல்ல, அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு" என்றாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. அதை வைத்து எண்ணினால் 34 வாரம் வந்தது. கடலோரத்தில் புதிதாகச் சேரும் நர்சுகளுக்குச் சொல்கிறேன்: இப்படிக் கேட்டு வாங்கும் தேதி நன்றாகவே நிற்கும். எழுதும்போது மட்டும் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டு அப்புறம் டேப்பில் ஏற்றுங்கள். நாளும் மாதமும் இடம் மாறி ஏறிவிட்டால் பிரசவத் தேதி, ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை எல்லாமே தப்பான வாரத்தில் வந்து நிற்கும்.

சரி, எண்ணை ஒன்றாக்கலாம் என்று மேலே இருக்கும் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "ரெண்டுல ஒண்ண வெச்சுக்குங்க சிஸ்டர். குழந்தை பிறந்ததும் பர்த் சர்டிபிகேட்டுக்கு ஒரு நம்பர் இருந்தாப் போதும். இதுல என்ன அவசரம்?"

எனக்கு எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. தமிழ்நாட்டில் பிறப்புப் பதிவுக்கு இந்த எண் வேண்டும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் வேண்டும். உண்மைதான். அதனாலேயே ஊரில் எல்லாருக்கும் இது பணத்துக்கும் சர்டிபிகேட்டுக்குமான நம்பர் ஆகிவிட்டது. அலுவலகத்துக்கும் அப்படியே. டேப் கொடுத்த நாளில் நடந்த பயிற்சியில்கூட எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்றுதான் சொல்லித்தந்தார்கள். நிரப்பியதைத் திரும்ப எடுத்து, ஆறு மாத பி.பி.யை வரிசையாக வைத்துப் பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. நர்சுக்கு அந்த டேப்பால் உண்மையான பிரயோஜனம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மேலே போகும் ரிப்போர்ட்.

"பி.பி. ஏறுதான்னு பார்க்கணும் சார்" என்றேன். "அந்த ஊர்லேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார்.

லெட்டருக்காக ராமநாதபுரம் போய், அங்கே பஸ் மாறி, சாயல்குடி வழியாகப் போனேன். அங்கே, பெண் இப்போது இருக்கும் ஊரிலிருந்துதான் எழுதவேண்டும் என்றார்கள். பதிந்த நர்சோ மாறுதலில் போய்விட்டார். அந்த லாகினுக்கு ஓ.டி.பி. இன்னும் அவர் செல்லுக்குத்தான் போகிறது, அவர் வேறு மாவட்டத்தில். ஒரு நாள் பொழுது மொத்தமும் வீண். இப்படிக் கிளம்புமுன் அந்த ஊர் வி.எச்.என். யார், லாகின் யார் கையில் என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள்.

அந்தப் பயணத்தில் நடந்த ஒரே நல்ல காரியம், மாமியாரைப் பார்த்துப் பேசியது. பீரோ சாவியோடு அவர் மகள் வீட்டுக்குப் போகவேண்டியிருந்ததால் அன்றைக்கு அட்டை கைக்கு வரவில்லை. ஆனால் மறுநாளே அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு ராமேஸ்வரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். மதியத்துக்குள் என் கையில் இருந்தது. டிஜிட்டல் இந்தியாவில் எனக்கு வேண்டிய தகவலைக் கொண்டுவந்து சேர்த்தது அரசுப் பேருந்து.

அட்டையைப் பிரித்தேன். 108/68, 112/70, 118/76, 126/80. அதற்கப்புறம் என் 136/88. ஒவ்வொன்றும் தனித்தனியாக நார்மல், சேர்த்துப் பார்த்தால் ஏணி. நாலாம் மாதம் ஹீமோகுளோபின் 8.4 இருந்திருக்கிறது. 11-க்குக் கீழே போனாலே கர்ப்பிணிக்கு ரத்தசோகைதான். அதற்கு அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து ஊசி போட்ட தேதிகளும் இருந்தன. என் டேப்பில் இருக்கும் இரண்டாவது எண்ணைப் பார்க்கும் யாருக்கும் அவளுக்கு அந்த ஊசி போட்டதே தெரியாது.

ஐந்து அளவையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினேன். அவர் அதை ஒரு முறைதான் பார்த்தார். உடனே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொன்னார், ஒன்று பிளஸ், அதாவது இறங்குகிறது. பி.பி. அதற்குள் 142/92. அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே சேர்த்துக் கவனித்து, மாத்திரை ஆரம்பித்து, அடிக்கடி வந்து காட்டச் சொல்லி அனுப்பினார்கள்.

எண் விவகாரம் இன்னும் தீரவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரை வைத்து 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதார அடையாள எண்) எடுத்து வரச் சொன்னார்கள். எடுக்கலாம், ஆனால் ஆதாரோடு இணைந்த செல்லுக்கு ஓ.டி.பி. போகும். ஆதாரில் இருப்பது கணவர் நம்பர். கணவர் தங்கல் தொழிலுக்கு, அதாவது கடலிலேயே பல நாள் தங்கி மீன் பிடிக்க, போயிருந்தார். போன் போட்டில், போட் கடலில். ஓ.டி.பி. பத்து நிமிஷத்தில் காலாவதி. கைரேகை வைத்துப் பார்க்கலாம் என்றால், கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போய்வந்த கை அது. பாறையில் உரசி உரசித் தேய்ந்த விரல், கருவியில் ரேகை விழவில்லை. மீனவர் வீட்டுப் பெண்ணும் அவள் வீட்டு போனும் ஒரே இடத்தில் இருக்காது என்பது, இந்த முறையை உட்கார்ந்து யோசித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். எங்களுக்கு அதுதான் ஓ.டி.பி. சீசன். இது மழைக்காலமாகப் போய்விட்டது.

கடைசியில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்து என்னைக் காப்பாற்றியது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள், கடலுக்குப் போகத் தடை, போட்டெல்லாம் கரை திரும்பியது. கூண்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன். கணவருக்கு போன் அடித்து, அவரை லைனிலேயே வைத்துக்கொண்டு ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கி, கரண்ட் போவதற்குள் ஆபாவை முடித்தோம்.

அப்புறம் மாவட்ட அளவில் புள்ளிவிவரம் பார்க்கும் ஒரு பெண் கிடைத்தார். வயதில் சின்னவர், எழுந்து நாற்காலி போட்டார். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து பார்த்துவிட்டு, "பழசுல எல்லா விசிட்டும் இருக்கு மேடம், அதையே வெச்சுக்கிட்டு ஊரை மட்டும் உங்களுக்கு மாத்திடலாம், புதுசை எடுத்துடலாம்" என்றார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இதையே முதல் அலுவலகத்தில் கேட்டதற்குத்தான் அத்தனை அலைச்சல். உங்களுக்கும் இப்படி வந்தால், புது எண்ணை வைத்துக்கொண்டு பழையதை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். விசிட் விவரம் எதில் இருக்கிறதோ அது நிற்கவேண்டும். கோரிக்கைத் தாளில் இரண்டு எண், இரண்டு விலாசம், மாதவிலக்குத் தேதி, அட்டையின் நகல் நான்கும் இருக்கட்டும். முடிந்ததும் பழைய விசிட்டுகள் உங்கள் லாகினில் திறக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

பிரசவ வலி வந்து போனபோது, மருத்துவமனை நர்ஸ் அந்த ஒரே எண்ணைப் போட்டதும் பி.பி. வரிசையும் அயர்ன் சுக்ரோஸ் தேதிகளும் திரையில் வந்திருக்கின்றன. "முன்னாடி ஏதாச்சும் ஊசி போட்டாங்களா?" என்று யாரும் வலியில் இருந்த பெண்ணைக் குடையவில்லையாம். அவள் அம்மா சொன்னார். தாயும் பிள்ளையும் நலம். பிள்ளையின் தடுப்பூசிக் கணக்கு யூ-வின் என்ற தடுப்பூசித் தளத்தில் ஓடுகிறது. ஐந்தாம் மாதம் மாமியார் வீட்டுக்குத் திரும்பும்போது இங்கே எது போட்டோம், எது பாக்கி என்று அந்த ஊர் நர்சுக்குத் தெரியும். அட்டை பீரோவுக்குள் போனாலும் கவலையில்லை.

தீவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது செல்லில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நம் ஓ.டி.பி. வராது. நெட் இல்லாத இடத்தில் ஏற்றியதை டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து ஏறிவிட்டதா என்று பார்க்காமல் லாக் அவுட் செய்யாதீர்கள். அவசரத்துக்கு அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கமும் வேண்டாம். அது அவள் உடம்பின் கணக்கு, ஐம்பது பேர் பார்க்க வேண்டியதில்லை.

ஆதாரில் செல் நம்பர் மாற்றுவதற்கு ஆதார் மையத்தில் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. தபால்காரரே கையடக்கக் கருவியோடு வந்து சின்னக் கட்டணத்துக்கு மாற்றித் தருகிறார். அவரிடம் பேசி ஏ.என். கிளினிக் நாளிலேயே வரவழைத்தோம். வந்த கர்ப்பிணிகளில் பெரும்பாலானவர்களுக்கு அவரவர் நம்பரே ஏறிவிட்டது. பாசி எடுக்கும் பெண்கள் சிலருக்கு மட்டும் ரேகை விழவில்லை. கொஞ்ச நாள் தொழிலுக்குப் போகாமல் விரல் ஆறட்டும், மறுபடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.