நெஞ்சு வலிக்கிறது, தைராய்டும் இருக்கிறது: எப்போது கிளம்ப வேண்டும்?

"தைராய்டு படபடப்புதான், கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும்." தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது வீட்டில் பலரும் சொல்வது இதைத்தான். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள், ஆனால் காப்பாற்றக்கூடிய நேரம் இந்தப் பேச்சில்தான் கரைகிறது. நெஞ்சு வலி வந்த நிமிடத்தில் தைராய்டை மறந்துவிடுங்கள். தைராய்டே இல்லாதவருக்கு இதே வலி வந்தால் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். தைராய்டு இருப்பது ஆஸ்பத்திரிக்குப் போக இன்னொரு காரணம். போகாமல் இருக்க அது ஒருநாளும் காரணமாகாது. போன மாதம் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை) சரியாக இருந்தது என்பதும் அப்படியே. இதயத்தில் இன்றைக்கு என்ன நடக்கிறது என்பது அந்த ரிப்போர்ட்டில் இருக்காது.

நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இறுக்கம், எரிச்சல். அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது. கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், கண் இருட்டிக்கொண்டு வருவது. இப்படி இருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூடவே வேறு எதுவும் இல்லாவிட்டாலும், உட்கார்ந்து சில நிமிடங்களில் விடாத அழுத்தத்துக்கும் கூப்பிட வேண்டியதுதான். முதுகுப் பக்கம் கிழிப்பதுபோல் திடீரென்று வரும் வலி, மூச்சை இழுத்தால் குத்துவதோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருப்பது, இவையும் காத்திருக்க முடியாதவை. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் திடீர் அசதியும் வாந்தியுமாக மாரடைப்பு வரலாம். தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் சமாளிக்க ஆளும் கருவியும் ஆம்புலன்ஸில்தான் இருக்கும்.

ஆஸ்பிரின் பற்றி ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டபோது போனில் பேசுகிறவர் கொடுக்கச் சொன்னால் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் அலர்ஜி, ரத்தக் கசிவு, குடல் புண் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் என்றாலோ அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி தைராய்டுக்கு வருவோம். ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும்போது இதயம் ஓய்விலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. துடிப்பு கூடுகிறது, ஒவ்வொரு துடிப்பின் விசையும் கூடுகிறது, இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜனும் கூடுகிறது. ரத்தக்குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால் அந்தத் தேவைக்கு ரத்தம் போதாமல் நெஞ்சு வலிக்கும். அடைப்பே இல்லாமல் குழாய் சுருங்கிப் பிடித்துக்கொண்டும் வலி வரலாம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறும் இவர்களிடம் அதிகம். அதில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆகவே முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் இருந்தால் அதையும் போனில் சொல்லுங்கள்.

நாடி பார்ப்பதைச் சரியாகப் பழகிக்கொள்வது நல்லது. உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் ஓரப் பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. சீராக இருந்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். சீராக இல்லையென்றால் முழு 60 நொடியும் எண்ண வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதபோது விரலில் மாட்டும் கருவியும் பிபி மெஷினும் தப்பான எண்ணைக் காட்டலாம். ஓய்விலேயே 120-க்கு மேல் நிற்கிறது, நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்திருக்கிறது என்றால் அவசரம்தான். ஆனால் எண் குறைவாக இருக்கிறதே என்று வலியை ஒதுக்கிவிடாதீர்கள். ப்ரொப்ரனலால் போன்ற மருந்து சாப்பிடுகிறவருக்கு அது துடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே நெஞ்சு வலி வரலாம்.

எல்லாவற்றிலும் அஞ்ச வேண்டியது தைராய்டு புயல், அதாவது ஹார்மோன் மிகையால் உடம்பே நிலைகுலைந்துபோவது. கடும் காய்ச்சல், பெரும்பாலும் 140-க்கு மேல் ஓடும் துடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, பதற்றம், உளறல். தொற்று, அறுவை சிகிச்சை, பிரசவம் போன்றவை இதைக் கிளப்பிவிடும். ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் அப்படித்தான். வீட்டில் சமாளிக்கக்கூடியது அல்ல இது. இந்தக் காய்ச்சலைக் குறைக்க ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் தைராய்டு ஹார்மோனை அது அவிழ்த்து விடும். பாராசிட்டமால்தான் சரி.

சுரப்பு குறைந்தவர்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, வருடக்கணக்கில் குழாய்கள் அடைபடுகின்றன. அந்த நிலையில் குறைந்த ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரையை முழு அளவில் ஆரம்பித்தால் மந்தமாக ஓடிக்கொண்டிருந்த இதயம் திடீரென்று வேகமெடுத்து வலி வெளிப்படும். அதனால்தான் முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். அளவைக் கூட்டிய பிறகு மாடி ஏறும்போது நெஞ்சு இறுக ஆரம்பித்து நின்றதும் விட்டால்கூட, அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். நின்றும் இறுக்கம் விடாவிட்டால் ஆம்புலன்ஸ். இன்றைய மாத்திரையை விட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்தில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அட்டையையும் ஒருமுறை பாருங்கள். 25-க்குப் பதில் 125 கைக்கு வந்திருப்பதும் நடக்கக்கூடியதே.

காத்திருக்கக்கூடிய வலியும் உண்டு. ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய, ஓரிரு நொடிகளே சுருக்கென்று வந்து போகிற, திரும்பிப் படுத்தால் மாறுகிற வலி, வேறு தொந்தரவு எதுவும் இல்லாமல் இருந்தால் அடுத்த நாள் காட்டலாம். அழுத்தினால் வலிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இதயம் இல்லை என்று தீர்மானிக்க முடியாது. சந்தேகமாக இருந்தால் போய்விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும். அது நன்றாக இருந்தாலும், இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கான பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் திரும்பவும் பார்ப்பார்கள். வலி வந்த உடனே எடுத்தால் ட்ரோபோனின் இன்னும் ஏறாமல் இருக்கலாம் என்பதால், முதல் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குக் கிளம்ப அவசரப்படாதீர்கள். அங்கே கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: முடிக்கும் நகத்துக்கும் சாப்பிடும் பயோட்டின். அதிக அளவில் எடுத்தால் சில பரிசோதனை முறைகளில் அது ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும், தைராய்டு அளவுகளையும் குழப்பும். ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் மருந்தில் அயோடின் இருப்பதால் தைராய்டு இருப்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்காக அவசர ஆஞ்சியோகிராமை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய தேதி, அலர்ஜி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். மூச்சு வாங்கும்போது மைக்ரோகிராம் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது.