வளரட்டும் என்றார் ஆயா

அன்று பையனின் பாட்டியான ஆயாவிடம் ‘கட்டி’ என்றே சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

பையனுக்கு ஐந்து வயது. வலது கணுக்காலின் உட்புறம் மட்டும் கெட்டியாகப் புடைத்திருந்தது, வலி இல்லை. எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர் ட்ரெவர் நோய் என்றார். ஏறத்தாழ பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வருவது. எலும்பு முனையின் குருத்தெலும்பு, மூட்டின் ஒரு பாதியில் மட்டும் அளவு மீறிப் பெருகும். 1926-லேயே பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதிவைத்த நோய்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இத்தனை ஆண்டு இயன்முறை சிகிச்சை செய்த நான் அதுவரை பார்த்ததில்லை. வலியும் கோணலும் இல்லாதவரை கத்தி வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள் என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து பையனை அழைத்து வந்தவர் ஆயாதான். ஆங்கிலம் புரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பி, “தமிழில் சொல் அம்மா, அப்போதுதான் மனதில் நிற்கும்” என்றார். பையனின் தாத்தா வயிற்றில் கட்டி வந்து இறந்துபோனவர். அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

“எலும்பில் கூடுதலாக ஒரு வளர்ச்சி, ஆயா. புற்று இல்லை.”

அவர் முகம் தெளிந்தது. “வளர்கிற பிள்ளைதானே, வளரட்டும்” என்று அவன் தலையைத் தடவினார்.

நான் திருத்தவில்லை. ஆறு மாதக் கெடுவைச் சொன்னேன், அட்டையிலும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் நம் வீடுகளில் வளர்ச்சி என்பது வாழ்த்து. அதைக் கேட்டுவிட்டு யார் மருத்துவமனைக்கு ஓடி வருவார்கள்?

பதினாறு மாதம் கழித்து வந்தார்கள். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, செருப்பின் உள்விளிம்பு தேய்ந்திருந்தது. மூட்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்ததைச் செதுக்கி எடுத்தார்கள். மூட்டின் வழவழப்பான பரப்போடு ஒட்டியிருப்பதால் முழுவதும் எடுப்பது எளிதல்ல. எலும்பு வளர்ந்து முடியும்வரை திரும்ப வரவும் கூடும்.

நேரத்தில் வந்திருந்தாலும் வலியில்லாத காலை மருத்துவர் தொட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மை. கோணத் தொடங்கியபோதே கண்டுபிடித்திருப்பார் என்பதும் உண்மை. கட்டி என்றிருந்தால் ஆயா தூக்கம் தொலைத்திருப்பார், வந்திருப்பார். பயமுறுத்தி வரவழைப்பதும் வைத்தியமா? சில நாட்களில் ஆம் என்றே தோன்றுகிறது.

போன வாரம் பையனின் கணுக்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது ஆயா கேட்டார்: “மறுபடி வளருமா?”

“மரத்தில் முண்டு எழும்புமே, அதுபோல் எழும்பலாம் ஆயா. விட்டால் காலைக் கோணலாக்கிவிடும்.”

“அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே அம்மா.”

குரலில் கோபம் இல்லை. பையனின் பாதம் என் உள்ளங்கையில் இருந்தது. நான் ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ணத் தொடங்கினேன்.