பாதியில் நின்ற ஷிராஸ் தொட்டியை மீட்ட அனுபவம்

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில், ஒரு சிறிய ஒயின் ஆலையின் செல்லரில், அதாவது ஒயின் தயாரிக்கும் கிடங்கில், வேலை பார்க்கிறேன். இங்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடைக் காலம். அந்த வருடம் கடும் வெயிலில் ஷிராஸ் என்ற கருந்திராட்சைப் பழங்கள் கொடியிலேயே சுருங்கி, 15.5 பாமே சர்க்கரையோடு வந்து இறங்கின. பாமே என்பது பழச்சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு. ஒரு பாமே ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்டுக்கு மூச்சு முட்டும்.

நொதித்தல் நன்றாகத்தான் தொடங்கியது. தோலைப் பிழிந்து நீக்கித் தொட்டிக்கு மாற்றியதும் வேகம் குறைந்தது. சாற்றில் மிதக்கவிட்டுச் சர்க்கரையை அளக்கும் மானி 0.5 பாமே காட்டிவிட்டு அங்கேயே நின்றது. இன்னும் அரை பாமேதானே பாக்கி என்று தோன்றும். ஆனால் ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது என்பதால் மானி குறைத்துத்தான் காட்டும். முழுக்க நொதித்த ஒயினில் அது பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். ஆய்வகத்தில் பார்த்தால் லிட்டருக்கு 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை மிச்சம். அதிலும் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ். ஈஸ்ட் குளுக்கோஸைத்தான் முதலில் தின்று தீர்க்கும்.

இந்த நிலையில் ஒயினை விட்டுவைத்தால் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு அசிட்டிக் அமிலமாக்கிவிடும். ஒரு வருட உழைப்பு வினிகராகிவிடும். தினமும் மூடியைத் திறந்து, நகப்பூச்சு வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பேன்.

கூட ஒரு பாக்கெட் ஈஸ்டைத் தொட்டியில் கொட்டலாம் என்றுதான் எல்லோருக்கும் கை பரபரத்தது. எங்கள் ஆய்வக அலமாரியில் ‘கிரேப்குரோவர் அண்ட் வைன்மேக்கர்’ மாத இதழ்கள் அடுக்கி வைத்திருப்போம். அடிலெய்டில் இருக்கும் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் அதில் கேள்வி பதில் பகுதி எழுதுகிறது. அதைப் படித்துப் பழகியவர் எங்கள் தலைமைத் தயாரிப்பாளர். “தொட்டிக்குள் ஈஸ்டை அனுப்பாதே, ஈஸ்டிடம் ஒயினைக் கொண்டுபோ” என்றார். இவ்வளவு ஆல்கஹாலில் திடீரென விழும் புது ஈஸ்ட் பிழைக்காது.

முதலில் ஒயினை அடிமண்டியிலிருந்து பிரித்தோம். ஈஸ்ட் செல்களின் மேலோட்டிலிருந்து எடுத்த தூளைக் கலந்து, 20 டிகிரிக்கு மேல் சூடேற்றினோம். அந்தத் தூள், ஈஸ்டுக்குக் கெடுதி செய்யும் கொழுப்பு அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு ஆல்கஹாலைத் தாங்கும் ஈசி 1118 என்ற வகை ஈஸ்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, சத்தும் சர்க்கரையும் காற்றும் கொடுத்து ஒரு பெரிய வாளியில் வளர்த்தோம். பொங்கி வந்த பழுப்பு நுரை வாளியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அந்த வேகத்தில் இருக்கும்போதே தொட்டி ஒயினைக் கொஞ்சமாகச் சேர்த்தோம். சர்க்கரை பாதியாகும்வரை காத்திருந்து, கலவையை மறுபடி இரு மடங்காக்கினோம். அப்புறம் மறுபடியும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாமே போச்சு. இரவிலும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அளந்தோம்.

கடைசியில் முழுத் தொட்டியும் மெல்ல முணுமுணுக்கத் தொடங்கியது. சர்க்கரை லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே இறங்கிய அறிக்கை கைக்கு வந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். வினிகர் வாசனை தரும் ஆவியமிலம் கொஞ்சம் கூடியிருந்தது, ஆனால் வரம்புக்குள்தான். அந்த ஒயினைத் தனியாக பேரல்களில் நிரப்பினோம். இப்போதெல்லாம் அதிகச் சர்க்கரையோடு பழம் வந்தால், மானியை மட்டும் நம்பாமல் கடைசிக் கட்டத்தில் தினமும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறோம்.