ஜெருசலேம் போகிறீர்களா, எந்த வளாகம் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்

எபிரேயப் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரம் நூலக வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். விசா, டிக்கெட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. படுத்தி எடுத்தது ஒரே ஒரு முகவரிதான், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஊரில் கடிதம் தயாரித்துக் கொடுத்த எழுத்தர் எங்கோ பார்த்து கிவத் ராம் வளாகம் என்று போட்டுவிட்டார். அதை நம்பி அந்தப் பக்கமே அறையும் எடுத்து, முழுப் பணமும் கட்டி, வியாழன் இரவு இறங்கி வெள்ளி காலை போய் நின்றால், வாசலில் பையைச் சோதித்த காவலர் கடிதத்தைப் படித்துவிட்டு, இங்கே இயற்கை அறிவியல்தான், நீங்கள் தேடும் துறை ஸ்கோபஸ் மலையில் இருக்கிறது என்றார்.

பல்கலைக்கழகம் 1925-இல் தொடங்கியது அந்த மலையில்தான். 1948 அரபு-இஸ்ரேல் போரில் மலைக்குப் போகும் வழி துண்டிக்கப்பட்டதால் கிவத் ராமைக் கட்டினார்கள். 1967 போருக்குப் பிறகு மலைக்குத் திரும்பியபோதும் அறிவியல் துறைகள் கிவத் ராமிலேயே இருந்துவிட்டன. மருத்துவம் ஐன் கெரெமில், வேளாண்மை ரெகோவோத்தில். ரெகோவோத் ஜெருசலேமே கிடையாது, வேறு ஊர். அதனால் துறையின் பெயரோடு வளாகத்தின் பெயரையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் மாறி மலைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. எல்லாம் பூட்டிக் கிடந்தது. அங்கே வேலை நாள் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளி மாலை சபாத், அதாவது யூதர்களின் ஓய்வு நாள், தொடங்குவதற்கு முன்பே பஸ்ஸும் டிராமும் நின்றுவிடும், மறுபடி சனி இரவுதான் ஓடும். சாப்பிட ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளாமல் நான் பட்ட பாடு வேறு யாருக்கும் வேண்டாம்.

ஞாயிறு காலை உள்ளே போனதும் வேறு சோதனை. மலை வளாகம் தனித்தனிக் கட்டடங்களாக இல்லை, நீண்ட நடைபாதைகளால் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள், எந்த மாடியில் நிற்கிறோம் என்பதே தெரியாது. நடுவில் ஃபோரம் என்று ஓர் இடம் உண்டு. வழி தவறினால் அங்கே திரும்பி வந்து ஆரம்பியுங்கள், எனக்கு அதுதான் கைகொடுத்தது.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கோஷர் என்ற யூத உணவு முறைப்படி இறைச்சி உணவகமும் பால் உணவகமும் தனித்தனி. பால் உணவகத்தில் கறி இருக்காது, ஆனால் மீனை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு புளூம்ஃபீல்ட் நூலகத்தில், நான் வருடக்கணக்காகத் தேடிய கட்டுரை அரை மணி நேரத்தில் கைக்கு வந்தது. பைபிளில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளும் பழைய எபிரேயச் சொல்லான துக்கி நம் தோகையிலிருந்து வந்தது என்று, இதே பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியராக இருந்த ஹயிம் ராபின் 1968 சென்னைத் தமிழ் மாநாட்டுக்கு எழுதியது. அங்கேயே நின்றபடி படித்து முடித்தேன், கண் கலங்கிவிட்டது.

அறையை மட்டும் மாற்ற முடியவில்லை, பணம் திரும்ப வராதாம். மூன்று வாரமும் பஸ் மாறித்தான் போய்வந்தேன்.