முள்ளை வளைக்கச் சொன்ன ஐயா

நான் பழுதுபார்த்துக் கொடுத்த ஜீப்பின் பெட்ரோல் மீட்டர் முள்ளைக் காட்டி, "பழையபடியே வளைத்துவிட முடியுமா, தம்பி?" என்று அதன் சொந்தக்காரரான ஐயா கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. முடியாது என்றேன். என் பதிலில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை.

வேலை கடினமானதல்ல. வண்டி சூடேறினால் நின்றுவிடும், ஆறினால் கிளம்பும். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து கேட்க வேண்டிய பம்பின் ரீங்காரம் ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. மின்சாரம் ஒழுங்காக வந்தது, எர்த்தும் சரி. பெட்ரோல் பம்ப்தான் போயிருந்தது. பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரி வயரை எடுத்துவிட்டு டேங்கை இறக்கினோம். அந்த ஜீப்பின் தரையில் பம்புக்கென்று மூடி கிடையாது. பம்பை டேங்கோடு பிடித்திருக்கும் வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித்தான் திருப்பினேன்; இரும்பென்றால் பொறி பறக்கும்.

பம்பை மட்டும் மாற்றச் சொல்லியிருந்தார். உள்ளே பார்த்தால், பெட்ரோல் அளவை மீட்டர் முள்ளுக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டின் மிதவைக் கம்பி வளைந்திருந்தது. முன்பு யாரோ அவசரத்தில் திணித்திருக்கிறார்கள். மிதவையோடு நகரும் தொடுமுனை உரசும் தகடும் தேய்ந்துபோயிருந்தது. டேங்க் நிரம்பினாலும் முள் முக்கால்தான் காட்டும். மூன்றில் ஒரு பங்கு மீதி இருக்கும்போதே காலி என்று காட்டும். இதற்காக இன்னொரு முறை டேங்கை இறக்கினால் கூலி இரட்டிப்பாகுமே என்று போன் செய்தேன். "உன் இஷ்டம்" என்றார். இரண்டையும் மாற்றினேன். சாவியைக் கொடுக்கும்போது, "முள் இனிச் சரியாகக் காட்டும் ஐயா, கீழே இறங்கினால் உடனே ஊற்றிவிடுங்கள்" என்றும் சொன்னேன். தலையாட்டினார்.

அவருக்கு உளுந்து வியாபாரம். இங்கே பர்மாவில் பெகு நகருக்குப் போய்த் திரும்பும் வழியில் இருட்டில் வண்டி நின்றுவிட்டது. முள் காலிக்கு வந்தபிறகும் நெடுந்தூரம் ஓடும் என்பது அவருடைய பல வருடக் கணக்கு. நான் மாற்றியது அந்தக் கணக்கையும் சேர்த்து. அதற்குப் பிறகுதான் வந்து வளைக்கச் சொன்னார்.

தலையாட்டியவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதும் மெக்கானிக்கின் வேலையா? ஆமாம் என்றால் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த ஊரில் பொருந்தாததோடு பழகாதவர் யார்? 1970-இல் பர்மாவில் போக்குவரத்து சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகளிலோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் எதிரே வண்டி வருகிறதா என்று கேட்டுக்கொண்டே ஓட்டுகிறோம். அப்படி ஓட்டுகிறவரிடம் போய் முள்ளின் நேர்மையைப் பற்றிப் பேசினேன்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் பம்பின் சூடு தணியும். அடிமட்டத்திலேயே வண்டியை ஓட்டிப் பழகியதால்தான் பழைய பம்ப் சீக்கிரம் போயிருக்கலாம். குறைத்துக் காட்டும் முள் அதை நம்புகிறவனைக் காப்பாற்றும். அதன் குட்டு தெரிந்தவனுக்கு அதனால் என்ன பயன்? நடுவழியில் நின்று வந்தவரிடம் இதையெல்லாம் பேசினால் குத்திக்காட்டுவதாகாதா?

பிறகு ஆயில் மாற்ற வண்டி வந்தது. மீட்டர் கண்ணாடியில் கால் டேங்க் கோட்டின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப். முள் அதைத் தொட்டால் ஊற்ற வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவாம். அன்று ஐயா கேட்டது வளைவை அல்ல, இந்த டேப்பைத்தானோ என்று தோன்றியது. அப்படியே இருந்தாலும் அந்தக் கம்பியை நான் வளைத்திருக்க மாட்டேன்.