கோல்நடைக் குறிப்புகள்

2025 ஜனவரி 4, சனி

பின்லாந்தின் எஸ்போ நகரில் வேலை பார்க்கும் தம்பி, டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது விட்டுச் சென்ற, நடைப்பயிற்சிக்கான இரண்டு கோல்களும் சில நாட்களாகக் குடைகளுக்கு நடுவே கிடந்தன. இன்று விடியற்காலையில், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவற்றை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர்க் கடற்கரை வரை போய் வந்தேன். 59 வயதில் கையில் கோலோடு வெளியே போனால், விழுந்து அடிபட்டவள் என்றோ முட்டி தேய்ந்தவள் என்றோதான் பார்ப்பவர்கள் முடிவு கட்டுவார்கள். அதுவும் ஒன்றல்ல, இரண்டு கோல்.

மார்கழியாதலால் வாசல்தோறும் கோலம். கோலின் முனை கோலத்தில் படாமல் நடப்பதே பெரிய வித்தையாக இருந்தது. தெருமுனையில் படுத்திருந்த நாய்கள், ஆண்டுக்கணக்காக என்னை அறிந்தவை, இன்று எழுந்து நின்று குரைத்தன. கோல் என்றால் அடி என்பதுதான் அவற்றின் அனுபவம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உடம்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகக் கடந்தேன். வீடு திரும்பும்போது கால்கள் நன்றாகத்தான் இருந்தன. தோள்பட்டையும் மணிக்கட்டும் கடுத்தன. ஏதோ தவறு இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்

தவறு ஒன்றல்ல, இரண்டு. தம்பி வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, அது என் உயரத்துக்கு வச்ச அளவு" என்றான். உயரத்தை 0.68ஆல் பெருக்கினால் கோலின் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது கணக்கு. என் உயரம் 157 சென்டிமீட்டர், பெருக்கினால் 106.8 வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது என்பதால் 105இல் நிறுத்தினேன். அடுத்தது, முனையில் மாட்டும் ரப்பர் காப்பு. சின்னக் காலணி போன்ற வடிவத்தில் இருக்கும் அதன் மூக்கு பின்பக்கம் நோக்கியிருக்க வேண்டும். நான் காலணி என்றால் முன்னே பார்க்கத்தானே வேண்டும் என்று திருப்பி மாட்டியிருந்தேன்.

பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள், பனி இல்லாத கோடைக்காலத்தில் உடம்பு தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகக் கோல்களோடு நடந்தும் ஓடியும் செய்த பயிற்சியிலிருந்துதான் இது வந்தது. 1997இல் அந்நாட்டு எக்செல் நிறுவனம் பொதுமக்களுக்கென்று தனிக் கோலைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, 'நார்டிக் நடை', அதாவது வடபுலத்து நடை, என்ற பெயரில் மற்ற நாடுகளுக்கும் பரவியது. பின்லாந்துக்காரர்கள் தம் மொழியில் இதற்கு வைத்திருக்கும் சொல்லுக்குக் கோல்நடை என்றே பொருளாம். கால்நடைக்கும் கோல்நடைக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு என்பதால் நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

மாலையில் ஓர் அளவெடுத்து வைத்தேன். எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நாடாவால் 30 மீட்டர் அளந்து கோடு போட்டு, கோல் இல்லாமல், 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறேன் என்று பார்த்தேன். இதய, நுரையீரல் நோயாளிகளின் நடைத்திறனை அறிய மருத்துவமனைகளில் செய்யும் சோதனை இதுதான். 14 தடவை முழுதாகக் கடந்து, மேலும் 12 மீட்டர், ஆக 432.

ஜனவரி 9, வியாழன்

வலது காலோடு இடது கை, இடது காலோடு வலது கை. பிறந்ததிலிருந்து இப்படித்தான் நடக்கிறோம். ஆனால் கையில் கோல் வந்து, அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியவுடன் வலது காலோடு வலது கையும் சேர்ந்து போகிறது. ஒட்டக நடை. தம்பி சொன்ன மருந்து எளியது: கோல்களைப் பிடிக்கவே வேண்டாம், கையுறை போன்ற வார் கையோடு பிணைத்திருப்பதால் அவை கீழே விழமாட்டா, அவை பின்னால் இழுபட, கைகளைத் தொங்கவிட்டு, மறதியோடு நட. 200 மீட்டர் அப்படி நடந்ததும் கைகள் தாமாகவே மாறி மாறி வீசத் தொடங்கின. அதன் பிறகுதான் முனை தரையைப் பற்றும் இடம் தெரிந்தது: முன்னே வைக்கும் காலைத் தாண்டி அல்ல, இரண்டு பாதங்களுக்கும் இடையில், கோல் பின்னோக்கிச் சாய்ந்த நிலையில். மலையேறுபவர்கள் கோலை முன்னே ஊன்றுகிறார்கள். இங்கே அது கூடாது.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியலில் புகையும் பனியும் கலந்து எதிர்வீடு தெரியவில்லை. நடக்கவில்லை. மூச்சு வாங்கச் செய்யும் பயிற்சியை இந்தக் காற்றில் செய்வது அறிவுடைமை அன்று.

ஜனவரி 19, ஞாயிறு

காணும் பொங்கல் கூட்டம் போன பின்பு இன்றுதான் மணலில் இறங்கினேன். மணலில் ரப்பர் காப்பைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே இருக்கும் உலோக முனை ஈரமணலை நன்றாகப் பற்றுகிறது, உலர்ந்த மணலில் புதைகிறது. எனவே அலை வந்து போகும் விளிம்பை ஒட்டியே நடந்தேன். இறந்து ஒதுங்கிய ஆமை ஒன்று கிடந்தது. இந்த மாதம் சென்னைக் கரை முழுதும் இப்படித்தான் ஒதுங்குகின்றன, பார்க்கப் பொறுக்கவில்லை. 1930இல், கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்குக்காரர் ஷ்மிட்டின் நினைவு மண்டபத்தைத் தாண்டி, ஊரூர் குப்பம் பக்கம் திரும்பினேன். வடபுலத்து நடைக்கு வடபுலத்தவர் ஒருவர் காவல் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் வலைக்கு அருகே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர், "என்னாக்கா, தரையில துடுப்புப் போடுறே?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் பதினைந்து நாளாக எனக்குப் பிடிபடாத ஒன்று அதில் இருந்தது. பழவேற்காட்டில் ஆழமில்லாத நீரில் படகு போகும் விதத்தைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்: படகோட்டி கழியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்வதில்லை, ஊன்றிய கழியைப் பின்னுக்குத் தள்ளுகிறார், படகு முன்னே போகிறது. இதுவும் அவ்வளவுதான். கோல் என் எடையைச் சுமப்பதற்கு அன்று, என்னைத் தள்ளுவதற்கு. கை இடுப்பைத் தாண்டிப் பின்னே போகும் வரை அழுத்தி, அங்கே விரல்களைத் திறந்து பிடியை விட்டுவிட வேண்டும். வார்தான் கோலை மீண்டும் கைக்குக் கொண்டுவரும். இதுவரை பிடியை இறுக்கிக்கொண்டே இருந்ததுதான் மணிக்கட்டு வலிக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாடித் துடிப்பை எண்ணிப் பார்த்தேன். என் வழக்கமான வேகத்தில் அரை மணி நடந்தால் நிமிடத்துக்கு 98. அதே வழி, அதே நேரம், கோலோடு 109. ஆனால் கூடுதலாகக் களைத்ததாகத் தோன்றவில்லை. இதுதான் இந்த நடையின் சூட்சுமம் என்று நினைக்கிறேன். வெறும் நடையில் சும்மா வீசிக்கொண்டிருக்கும் கைகளும், புயத்தின் பின்புறத் தசைகளும், முதுகின் அகன்ற தசைகளும் வேலையில் பங்கு கொள்கின்றன. வேலை பரவலாகப் பிரிந்துவிடுவதால் உடம்புக்குப் பளு தெரிவதில்லை. சாதாரண நடையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு ஆற்றல் கூடுதலாகச் செலவாவதாக அளந்து கண்டிருக்கிறார்கள். கோலைத் தள்ளாமல் ஒப்புக்குத் தொட்டுக்கொண்டு போனால் இந்தக் கணக்கு பொருந்தாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில், நான் வாரம் ஐந்து நாள், 40 நிமிடம் நடக்கிறேன். பேச முடிகிறது, பாட முடியவில்லை. மிதமான வேகத்துக்கு அதுவே அடையாளம். (வேகம் இல்லாதபோதும் நான் பாடுவதை வீட்டில் யாரும் விரும்பியதில்லை.)

பிப்ரவரி 15, சனி

மாடிவீட்டு மாமிக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். "முட்டிக்கு நல்லதாமே, எனக்கும் வாங்கித் தாயேன்" என்றார். கோல்களோடு வந்த துண்டுப் பிரசுரம் முழங்காலின் சுமை 30 விழுக்காடு குறையும் என்று அடித்துச் சொல்கிறது. ஆய்வுக்கூடங்களில் மூட்டின் விசையை அளந்தவர்கள் அப்படி ஒருமித்துச் சொல்லவில்லை. சில அளவீடுகளில் குறைவே தென்படவில்லை. ஆகவே மாமியிடம், "முட்டிக்கு உறுதி சொல்ல மாட்டேன் மாமி, தடுமாறாம நடக்க இன்னும் ரெண்டு இடத்துல பிடிப்பு இருக்கும், அது மட்டும் நிச்சயம்" என்றேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. மாமிக்கு எது வேண்டுமோ அதுதான் அது. முதலில் அவருடைய மருத்துவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பார் என்று தோன்றவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பத்து வாரம் ஆகிறது. கார் நிறுத்துமிடத்துக் கோடு பாதி அழிந்திருந்தது. மீண்டும் அளந்து போட்டேன். கோல் இல்லாமல் 6 நிமிடத்தில் 16 தடவையும் 6 மீட்டரும், 486. முன்பைவிட 12.5 விழுக்காடு கூடுதல். கனடாவின் ஒட்டாவாவில், இதயத் தமனி நோயாளிகளுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், இதே நடைச் சோதனையில் கோல்நடைக் குழு, விட்டுவிட்டுக் கடுமையாகச் செய்யும் பயிற்சிக் குழுவைவிட அதிகம் முன்னேறியிருந்தது. என் கணக்கை அத்தோடு சேர்த்துப் பேச மாட்டேன்: நான் ஒருத்தி, இடமும் சோதனையும் எனக்குப் பழகிவிட்டன, வேகமாக நடக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இருந்தாலும் அந்த 54 மீட்டரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

மார்ச் 22, சனி

ரப்பர் காப்புகள் தேய்ந்துவிட்டன. சிமெண்ட் நடைபாதையில் உலோகம் டக் டக்கென்று அடிக்கிறது, நாய்கள் மறுபடியும் எழுந்து நிற்கின்றன. விசாரித்த இரண்டு விளையாட்டுப் பொருள் கடைகளிலும் மலையேறும் கோலுக்கான உருண்டைக் காப்புதான் இருந்தது. பேருந்து நிறுத்தத்தின் அருகே செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செருப்பின் அடியைப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய டயரிலிருந்து துண்டு நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"சோத்துக்கை தள்ளுதும்மா, பீச்சாங்கை சும்மா கூட வருது. இங்க பாருங்க, இது இன்னும் புதுசாவே கீது."

இடது காப்பை வாங்கிப் பார்த்தேன். ரப்பரின் மேலிருந்த கோடுகள்கூட அழியாமல் இருந்தன.