எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள்

முதல் பயணத்தில் அப்பா மூன்று நாள் குளிக்கவில்லை.

நாங்கள் பதிவு செய்த ஹோட்டலின் விவரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. போனில் கேட்டபோதும் "எல்லா வசதியும் இருக்கு மேடம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வாசலில் சாய்தளம் இருந்தது, லிஃப்ட் இருந்தது, அறைக் கதவும் அகலம்தான். பாத்ரூம் கதவு மட்டும் 58 சென்டிமீட்டர். அப்பாவின் நாற்காலி 64. மூன்று நாளும் ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டேன். கழிப்பறைக்குக் கீழ்த்தளம் வரை போய்வர வேண்டியிருந்தது. அப்பா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார் என்பதை இரண்டாம் நாள் மாலைதான் கவனித்தேன். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு, "இனிமேல் நீங்க மட்டும் போய்ட்டு வாங்கம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அடுத்த பயணத்தை வேறு மாதிரி திட்டமிட்டேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. இடது கையிலும் காலிலும் பலமில்லை. வலது கையால் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டால் சில நொடி நிற்பார். அந்தச் சில நொடியில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கோ கமோடுக்கோ மாறிவிடலாம். எங்கள் தேவை முழுவதும் அந்தச் சில நொடிக்குள் அடங்கிவிடும். நிற்கவே முடியாதவருக்குத் தேவை வேறு. ஆளைத் தூக்கி மாற்றும் கருவி வைத்திருப்பவருக்குக் கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் நுழைய இடைவெளி வேண்டும். நாலாபக்கமும் பெட்டி போல மூடிய கட்டில் என்றால் அந்த அறை அவருக்கு ஆகாது. "வீல்சேர் வசதி" என்ற ஒரு சொல் இத்தனை பேரையும் தாங்காது.

இந்த முறை அப்பாவின் பால்ய நண்பரைப் பார்க்கப் போனோம். ஐந்து நாள். டிக்கெட் தேடுவதற்கு முன்பு டேப்பை எடுத்தேன். நாற்காலியின் அகலத்தை இருக்கையில் அளந்தால் தப்பு; சக்கரத்துக்கு வெளியே கையால் தள்ளும் வளையம் வரை அளக்க வேண்டும். அதற்கு மேல் விரல் முட்டி உராயாமல் போக இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம். நீளத்தை அளந்தபோது அப்பா தடுத்தார். "என்னை உட்கார வெச்சு அளம்மா, என் கால்விரல் பலகைக்கு வெளியில நீட்டிக்கிட்டு நிக்குது." உண்மைதான், நான்கு சென்டிமீட்டர் கூடியது. மெத்தையோடு இருக்கை உயரம் 51, மடித்தால் அகலம் 30, எடை 16 கிலோ. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம்.

பிறகு ஹோட்டல்களுக்குப் போன். மொத்தம் பதினொன்று. "வசதி இருக்கா?" என்று கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் வரும், அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டேன். "பாத்ரூம் கதவை முழுசாத் திறந்து வெச்சா, கதவுப் பலகையில இருந்து எதிர்ச் சட்டம் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டேன். இதில் நுணுக்கம் இருக்கிறது. 80 சென்டிமீட்டர் கதவு என்பார்கள். கதவின் தடிமனும் கீலும் சேர்ந்து ஐந்து சென்டிமீட்டரையாவது தின்றுவிடும். நமக்குக் கிடைக்கும் வழிதான் கணக்கு. பல நாடுகளின் கட்டட விதிகளில் இந்தத் திறப்பு குறைந்தது 80 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. கதவு உள்பக்கம் திறக்கிறதா என்பதும் முக்கியம். சின்ன பாத்ரூமில் உள்ளே திறக்கும் கதவு, நாற்காலி நுழைந்த பிறகு மூடாது. அப்பாவுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஆசை இருக்கும் இல்லையா?

குளிக்கும் இடத்தில்தான் அதிகம் ஏமாந்துபோக வாய்ப்பு. இரண்டு ஹோட்டல்களில் "மாற்றுத்திறனாளி அறை" என்று காட்டியது, சுவரில் கம்பி பொருத்திய குளியல் தொட்டியை. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிவைக்க முடிகிறவருக்கு அது உதவும், அப்பாவுக்கு முடியாது. எங்களுக்கு வேண்டியது, தரை மட்டத்திலேயே நாற்காலியோடு நுழையக்கூடிய ஷவர். "விளிம்பு எதுவும் இல்லை" என்று சொன்னாலும் படம் கேளுங்கள். இரண்டு சென்டிமீட்டர் விளிம்பைக் கண் பொருட்படுத்தாது, முன்சக்கரம் அதில் இடித்து நின்றுவிடும்.

அடுத்து கமோடு. எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் காலி இடம்? உட்கார்ந்தால் கம்பி வலது கைக்கு வர வேண்டும், நாற்காலியை நிறுத்த இடது பக்கம் இடம் வேண்டும். இது தலைகீழாக இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அப்பாவால் பயன்படுத்த முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பாதிப் பேர் அமைதியாகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அதுவரை யாரும் அவர்களிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கட்டில் உயரத்தை நான் ஏறக்குறைய மறந்தேபோனேன். இப்போதெல்லாம் மெத்தையே ஒரு சாணைத் தாண்டிவிடுகிறது. தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரக் கட்டிலுக்கு, 51 சென்டிமீட்டர் நாற்காலியிலிருந்து ஒரு கையால் ஏற முடியாது.

"வாசலில் ஒரே ஒரு படிதான்" என்று சொன்ன ஹோட்டலையும் விட்டுவிட்டேன். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் சரிவு 12க்கு 1, அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம். அந்த ஒரு படிக்கே 180 சென்டிமீட்டர் நீளப் பலகை வேண்டும். அவர்களிடம் இருந்ததோ ஒரு மீட்டருக்கும் குறைவு. படத்தில் பார்க்கவே செங்குத்தாக இருந்தது. "நாலு பேர் சேர்ந்து தூக்கிடுறோம்" என்றார்கள், நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஐந்து நாளும் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் தூக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமென்றால் அப்பா வெளியே வரமாட்டார். எனக்குத் தெரியும்.

ஒன்பதாவது ஹோட்டலில் போனை எடுத்த இளைஞர், "பத்து நிமிஷம் குடுங்க மேடம், நானே போய் அளந்துட்டு வரேன்" என்றார். வாசற்படியிலிருந்து பாத்ரூம் வரை டேப்பைப் பிடித்தபடி எடுத்த ஏழு படங்கள் வந்தன. திறப்பு 84. கமோடில் வலப்பக்கம் கம்பி. கட்டில் மட்டும் 63 உயரம். கீழ்ச்சட்டத்தை எடுத்துவிட்டால் 52க்கு வரும் என்று அவரே யோசனை சொன்னார். மீதி இரண்டு இடங்களிலும் பேசிப் பார்த்தேன், இதற்கு ஈடாக இல்லை.

ஒரு எச்சரிக்கை. பதிவுத் தளங்களில் "வசதியான அறை வேண்டும்" என்று குறிப்பது வெறும் வேண்டுகோளாகவே போய்ச் சேரும்; அந்த ஒரே அறையை முன்னால் வந்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அறை எண்ணையே குறிப்பிட்டு, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்களுக்கு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கினேன். கிளம்புவதற்கு முதல் நாளும் ஒரு முறை போன் செய்தேன்.

ரயிலையும் யோசித்தோம். பெட்டிக் கதவுக்கும் நடைமேடைக்கும் நடுவே பலகை போட ஆள் வருவாரா என்பதற்கு உறுதியான பதில் கிடைக்காததால் விமானம்.

விமானத்தில் டிக்கெட் எடுத்தவுடன் எந்த வகை உதவி என்று சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் மூன்று குறியீடுகள் இருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படியும் ஏற மாட்டார், இருக்கை வரை நடந்துவிடுவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அப்பாவுக்கு மூன்றாவது. வெறுமனே "வீல்சேர் வேண்டும்" என்றால் முதல் வகையாகப் பதிந்துவிட வாய்ப்புண்டு; அப்புறம் விமானக் கதவில் போய் நின்று வாதாட வேண்டியிருக்கும். குறியீட்டைச் சொல்லி, பதிவாகிவிட்டதா என்று திரும்பக் கேட்டேன்.

விமானத்தின் நடைபாதையில் நம் நாற்காலி நுழையாது, ஒடுங்கலான வேறொரு நாற்காலியில்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அதில் மாற்றும்போது அப்பாவின் இடது கை தொங்கிவிடும் என்று உதவியாளரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துப் பட்டியைப் போட்டார். சொந்த நாற்காலியை விமானக் கதவு வரை கொண்டுபோய், இறங்கும்போது அங்கேயே திரும்பத் தரச் சொல்லிக் கேட்கலாம். அதன் மெத்தை, கால் பலகை என்று கழன்று வரும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டேன். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்தேன்.

வீட்டில் மின் நாற்காலியும் இருக்கிறது. அதைக் கொண்டுபோகவில்லை, காரில் ஏற்றுவது பெரும்பாடு. கொண்டுபோகிறவர்கள் பேட்டரி எந்த வகை என்பதை விமான நிறுவனத்திடம் முன்பே தெரிவிக்க வேண்டும். லித்தியம் என்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள்: 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288 வாட்-மணி. கழற்றி எடுக்கும் பேட்டரிக்கு வழக்கமான வரம்பு 300.

போன ஊரில் கார்தான் தலைவலி. சாய்தளம் வைத்த வேன் ஒன்று கிடைத்தது. ஓட்டுநர் நாற்காலியைத் தரையோடு கட்ட ஒரே ஒரு கயிறுதான் வைத்திருந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பட்டியால் நாற்காலியைக் கட்ட வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக சீட் பெல்ட் வேண்டும். இரண்டும் இல்லாததால் அந்த வண்டியை அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் முதல் சாதாரண செடான் கார். இருக்கை அதிக உயரமில்லாததால் அப்பா முன் இருக்கைக்குச் சுலபமாக மாறினார். உயரமான பெரிய கார்களில் அது முடியாது. டிக்கியில் வாயு சிலிண்டர் இல்லாத வண்டியாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன், நாற்காலிக்கு இடம் வேண்டுமே.

முதல் நாள் இரவு அப்பா பாத்ரூமுக்குள் போனார், தானே கதவைச் சாத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன், கம்பி கைக்கெட்டும் இடத்தில். வெளியே உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு முறை "அப்பா?" என்று கூப்பிட்டேன். "இரும்மா, வரேன்" என்றார், அவசரமே இல்லாத குரலில்.

நண்பரின் வீட்டு வாசலில் மூன்று படி. அதை நான் விசாரிக்கவே இல்லை. அவரே தினமும் ஹோட்டலுக்கு வந்துவிட்டார். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து மாலை வரை பேசினார்கள்.

கடைசி நாள் காலையில் அப்பா டேப்பைக் கேட்டார். கட்டிலுக்கு அடியில் உள்ள இடைவெளி, லிஃப்டின் ஆழம், வாஷ்பேசினுக்குக் கீழே முழங்கால் நுழையும் உயரம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் அளந்தேன், அவர் வலது கையால் எழுதினார். அந்தத் தாளை வரவேற்பில் இருந்த அதே இளைஞரிடம் கொடுத்து, "அடுத்து யாராவது கேட்டா நீங்க ஓட வேணாம் தம்பி, இதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.